மச்சினிக் கோதுமை

ஐம்பதைத் தொட்ட பிறகும் அவள் சின்னவள்தான். இரண்டு பெண்கள் இருந்த வீட்டில் இளையவளாகப் பிறந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் மூத்த விஞ்ஞானியாக ஆனபிறகும், பெரிய பெரிய கூட்டங்களில் மேடையேறிப் பேசிவிட்டு வந்தபிறகும், அக்கா வீட்டு வாசலை மிதித்தால் "அடியே சின்னவளே, செருப்பை ஓரமா விடு" என்றுதான் குரல் வரும்.

அவள் செய்த வேலை ஏறக்குறையக் கல்யாணத் தரகு. ஒரு கோதுமைச் செடியின் நல்ல குணத்தையும் இன்னொன்றின் நல்ல குணத்தையும் ஜோடி சேர்த்து, பிறக்கிற பிள்ளைகளில் உருப்படியானதைப் பொறுக்கி வளர்ப்பது. ஜோடி சேர்ப்பது சுலபம். உருப்படியான பிள்ளை பிறப்பதுதான் குதிரைக்கொம்பு. பல வருஷம் பாடுபட்டு அவளுக்கு ஒன்று தேறியது. குட்டைத் தண்டு, கனத்த கதிர், காற்றடித்தாலும் சாயாத வேர். நிலையம் அதற்கு ஏதோ எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் வைத்தது. அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை.

அதை முதலில் விதைத்தவர் அத்தான், அக்காவின் கணவர். வரப்பில் போகிற வருகிறவர்கள் நின்று "அட, என்ன ரகம் இது?" என்று கேட்டால், "என் மச்சினி" என்பார். சிரிப்புக்குச் சொன்னது சுற்றுவட்டாரத்துக்கே பெயராகிவிட்டது. "இந்த வருஷம் மச்சினி எப்படி?" "மச்சினி இருக்கிற வரைக்கும் நமக்கென்ன கவலை?" விதைக் கடைக்காரர் கடை வாசல் பலகையில் 'மச்சினி வந்துவிட்டாள்' என்று எழுதிப் போட்டு, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார். நாளடைவில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லா வயல்களிலும் அதே ஒரு ரகம். சின்னவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. இல்லாமல் எப்படி இருக்கும்?

குளிர் விலகி, பயிர் இடுப்பளவு வந்த ஒரு காலையில் அக்கா போன் செய்தாள்.

"வேலையா இருக்கியா?"

"இல்லக்கா. சொல்லு."

"ஒண்ணுமில்ல. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறியா? வயல்ல இலையெல்லாம் மஞ்சளா இருக்கு. அத்தான் உரம் பத்தலைங்கிறார். எனக்கு என்னமோ அப்படித் தோணல."

"எப்படி மஞ்சள்? இலை முழுக்கவா, கோடு கோடாவா?"

"கோடு கோடாத்தான். தொட்டா கையில ஒட்டுது."

சின்னவள் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுக் காரை எடுத்தாள்.

வயலுக்குள் நாலு அடி வைப்பதற்குள் அவளுடைய கறுப்புக் கால்சட்டை முழங்கால் வரை மஞ்சளாகிவிட்டது, யாரோ பொடி தூவிய மாதிரி. ஒரு இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தாள். தையல் போட்டது போல் வரிவரியாக மஞ்சள் புள்ளிகள். மஞ்சள் துரு நோய். அது ஒரு பூஞ்சை. அதன் தூள் காற்றில் ஏறி மலை தாண்டும், எல்லை தாண்டும். அவளுடைய ரகத்துக்குள் அந்தப் பூஞ்சையைத் தடுக்க ஒரே ஒரு மரபணு இருந்தது. இத்தனை வருஷம் அது தாக்குப்பிடித்தது. பூஞ்சையும் சும்மா இருக்கவில்லை, தன்னை மாற்றிக்கொண்டு வழி கண்டுபிடித்துவிட்டது. ஊர் முழுக்க ஒரே பூட்டு, திருடன் கையில் சாவி. பிறகு எந்த வீடு மிஞ்சும்?

அத்தான் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற மனிதர்.

"மச்சினிக்கு மஞ்சக்காமாலைன்னு பக்கத்து வயல்காரர் சொல்லிட்டுப் போறார்" என்றார். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "மருந்தடிச்சா நிக்குமா?"

"இந்தக் கட்டத்துல அடிச்சுப் பிரயோஜனம் இல்ல அத்தான். இன்னும் முன்னாடியே பாத்திருக்கணும்."

"சரி" என்றார் அவர். கோபித்துக்கொண்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்குள் அக்கா தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் தட்டைத் தொடவில்லை. குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து அக்கா சொன்னாள்:

"எதுக்குடி இப்படி மூஞ்சியத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கே? இந்த நோவு உன்னாலயா வந்துச்சு? காத்துல வந்துச்சு. இத்தனை வருஷம் இந்தக் கோதுமைதான எங்களுக்குச் சோறு போட்டுச்சு? பிள்ளைங்க படிச்சது எதுல? இந்தக் கூரை போட்டது எதுல? ஒரு வருஷம் படுத்துக்கிச்சுன்னா உடனே பாடை கட்டிடுவியா? சாப்பிட்டுட்டுப் போய் அதுக்கு வைத்தியம் பாரு."

வருஷங்கள் கழித்தும் சின்னவள் அந்தப் பேச்சை நினைத்துப் பார்த்ததுண்டு. அன்று அக்கா வேறு விதமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவள் இடிந்துபோயிருப்பாள்.

அந்த முறை அறுவடையில் வந்தவை சூம்பிய மணிகள். மாட்டுத் தீவனத்துக்குத்தான் போயின.

*

ஆராய்ச்சி நிலையத்தின் பின்புறம், மரங்களுக்கு நடுவே தாழ்வான ஒரு கட்டடம் உண்டு. கனத்த இரும்புக் கதவு. உள்ளே மூச்சு விட்டால் புகையாகும் குளிர். பல நாடுகளிலிருந்தும், பல மலைகளிலிருந்தும், யார் யார் வயல்களிலிருந்தோ எடுத்து வந்த பழங்கோதுமை விதைகள் அங்கே அலுமினியப் பைகளில் உறங்கின. விதை வங்கி. அதைக் கவனித்துக்கொண்ட விஞ்ஞானி, கோடையிலும் கம்பளிக் கோட்டோடு திரிவார். வெள்ளைத் தாடி, உருண்ட உடம்பு. நிலையம் முழுக்க அவருக்குப் பெயர் பனிக்கரடி. முகத்துக்கு நேராகச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். வருஷா வருஷம் செலவுக் கூட்டத்தில் யாராவது ஒருவர், "யாரும் விதைக்காத இந்தக் கோதுமையெல்லாம் எதுக்குக் காப்பாத்தணும்?" என்று கேட்பார். "தீயணைக்கிற வாளிய தினமும் உபயோகிக்கிறீங்களா? அப்புறம் ஏன் சுவத்துல மாட்டி வெச்சிருக்கீங்க?" என்று இவரும் வருஷா வருஷம் பதில் சொல்வார்.

சின்னவள் அந்த இரும்புக் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, உங்க உதவி வேணும்."

"வயல் சேதி கேள்விப்பட்டேன்மா. என்ன வேணும் சொல்லு."

"விதை வேணும். நோயில நிறுத்திப் பாக்கப் போறேன். எது தாங்குதுன்னு தெரியணும்."

"எந்த ரகம்?"

"எல்லாமே."

பனிக்கரடி கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. இத்தனை காலம் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றிய பிள்ளைகளை ஒருத்தி பெண் கேட்டு வந்துவிட்டாள் என்பதுபோல் இருந்தது அவர் பார்வை. "எல்லாத்தையும் எடுக்க நாளாகும். உக்காரு, முதல்ல டீ குடி" என்றார்.

பருவம் வந்ததும் ஒவ்வொரு பழங்கோதுமையையும் ஒரு முழ வரிசையாக விதைத்தார்கள். நடுநடுவே மச்சினியை விதைத்தார்கள், நோயை நன்றாக வாங்கிப் பரப்புவதற்கு. தன் பிள்ளையைத் தானே நோய்க்கு இரை வைக்க வேண்டியிருந்ததே என்று சின்னவளுக்கு ஒரு கசப்பு. ஆனால் வேறு வழியில்லை. நோயின் தூளைத் தண்ணீரில் கலந்து தெளித்தார்கள். குளிர் தணிந்தபோது வயல் மஞ்சளாக எழுந்தது.

இருவரும் வரிசை வரிசையாக நடந்தார்கள். இது போச்சு. இதுவும் போச்சு. இது பரவாயில்லை போலிருக்கிறதே என்று இலையைத் திருப்பினால், அடிப்பக்கம் முழுக்கத் தூள். சில வரிசைகள் தாங்கியிருந்தன, ஆனால் அவற்றில் இருப்பது மச்சினியிடம் இருந்த அதே வகை ஒற்றைப் பூட்டுதானோ என்ற சந்தேகம். வயலின் கடைக்கோடிக்கு வந்தபோது சின்னவள் நின்றாள்.

மற்றதெல்லாம் முழங்காலுக்கு மேல் நிற்க, அந்த வரிசை மட்டும் இன்னும் புல் மாதிரி தரையோடு படர்ந்து கிடந்தது. கதிர் வரும் அறிகுறியே இல்லை. ஆனால் இலை பச்சை. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தாள். நோய் வரவில்லை என்றில்லை. வந்திருந்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னக் கீற்று, அதற்கு மேல் நகர முடியாமல் நின்றிருந்தது. வேண்டாத விருந்தாளியை வாசலிலேயே நிறுத்தி, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்ட மாதிரி. ஒரே பூட்டாக இருந்தால் இப்படி இருக்காது. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து தடுத்தால்தான் இந்தத் தினுசில் நோய் தள்ளாடும். இதை உடைக்கப் பூஞ்சைக்கு லேசில் முடியாது.

"அண்ணே, இங்க வாங்க."

பனிக்கரடி வந்து குனிந்தார். வரிசை எண்ணைப் பார்க்கக்கூட இல்லை.

"அட, இது நம்ம நெட்டை" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன, நான்தான கொண்டு வந்தேன். வேலைக்குச் சேந்த புதுசு. வடக்கு மலையில ஊர் ஊரா விதை சேகரிக்கப் போனோம். கடைசி ஊருக்குப் போறப்ப கையில பை தீந்துபோச்சு. ஒரு அம்மா மாட்டுக்கொட்டகை வாசல்ல கதிர் தட்டிக்கிட்டு இருந்தாங்க. விதை கேட்டேன். என் தொப்பியப் புடிச்சு இழுத்து அதுல அள்ளிக் கொட்டிட்டாங்க. பேர் என்னன்னு கேட்டேன். கோதுமைக்கு என்னப்பா பேருன்னு சிரிச்சாங்க. ஆள் உயரத்துக்கு நின்னுச்சு. அதனால நெட்டைன்னு நானே வெச்சுக்கிட்டேன்."

"அப்போலேர்ந்து அப்படியே இருக்கா?"

"நடுவுல ஒரு தடவை சாகத் தெரிஞ்சுது. முளைக்கவெச்சுப் பாத்தா முக்காவாசி எழும்பல. புதுப்பிக்கணும்னா விதைச்சு அறுக்கணும். அந்த வருஷம் நிலமில்லன்னுட்டாங்க. நாத்தை இங்க குளிர் எந்திரத்துல வெச்சு எடுத்து, வீட்டு மாடியில தொட்டியில போட்டு வளத்தேன். துணி காயப்போட இடமில்லன்னு என் வீட்டுக்காரி அறுவடை வரைக்கும் என்கூட முகங்குடுத்துப் பேசல."

"அவங்க கால்ல விழணும் அண்ணே நான்."

"விழு. ஆனா எதுக்குன்னு சொல்லாத. பழசெல்லாம் கிளறுவா."

*

நெட்டையைக் கலப்புக்குக் கொண்டுவருவது லேசான காரியமாக இல்லை. பனி மூடும் மலையில் பிறந்த கோதுமை அது. இளநாற்றாக இருக்கும்போது பல வாரம் குளிரில் கிடந்தால்தான் பூக்கும். இல்லாவிட்டால் ஆயுள் முழுக்கப் புல்லாகவே நிற்கும். இது சின்னவளுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் நாற்றுகளைக் குளிரில் வைக்கும் நிலையத்து எந்திரம் அந்தச் சமயம் பார்த்துப் பழுதானது. பனிக்கரடியின் அறையில் வைத்தால் நாற்று உறைந்தே செத்துவிடும். எங்கே போவது என்று யோசித்தபடி கேன்டீனில் உட்கார்ந்திருந்தவள் கண்ணில், காய்கறி வைக்கும் குளிர் அறை பட்டது.

சமையல் மாஸ்டரிடம் போய்க் கேட்டாள். அவர் தட்டிலிருந்த நாற்றுகளை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, புல்லா?"

"கோதுமை மாஸ்டர். கொஞ்ச வாரம் குளிர்ல இருந்தாத்தான் பூக்கும்."

"எங்க மாப்பிள்ளை மாதிரி. அவனும் ஏசி போட்டாத்தான் அசைவான்." முட்டைக்கோஸ் கூடைகளை ஒருபக்கமாக ஒதுக்கினார். "வெளிச்சம் வேணுமா?"

"பகல்ல லைட் எரியணும். தண்ணி லேசாத் தெளிச்சாப் போதும்."

மறுநாள் போய்ப் பார்த்தபோது தட்டுகளுக்கு மேல் தனியாக ஒரு விளக்கு தொங்கியது. பக்கத்தில் அட்டையில், 'இது கீரை அல்ல. கை வைத்தால் கை இருக்காது' என்று மாஸ்டர் எழுதி வைத்திருந்தார். அந்த வாரங்களில் ஒரு நாற்றுகூட வாடவில்லை.

அதற்குப் பிறகு நெட்டை கதிர் விட்டது. மச்சினியை வாரத்துக்கு ஒரு தொட்டியாக விதைத்து வைத்திருந்ததால், ஏதோ ஒரு தொட்டி அதே நேரத்தில் கதிர் விட்டு நின்றது. சின்னவள் காலை வெயிலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மச்சினியின் ஒவ்வொரு பூவாகத் திறந்து மகரந்தப் பைகளைச் சின்ன இடுக்கியால் கிள்ளி எடுத்தாள். கதிருக்குக் காகித உறை போட்டாள். சில நாள் கழித்து நெட்டையின் கதிரை அந்த உறைக்குள் விட்டு உதறினாள். மஞ்சள் தூள் பறந்தது. இது நோயின் தூளில்லை, மகரந்தம். அந்த நிறத்தைப் பார்த்து மறுபடியும் சந்தோஷப்பட முடிந்ததே என்று நினைத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் பிறந்தன. ஆளுக்கொரு கோணல். சிலது தகப்பன் மாதிரி ஒட்டகச்சிவிங்கி உயரம், ஒரு காற்றுக்குப் படுத்துவிடும். சிலது தாய் மாதிரி குட்டை, நோயையும் தாய் மாதிரியே வாங்கும். சிலது இருவரிடமும் இருந்த வேண்டாததை மட்டும் தேடி எடுத்துக்கொண்டு பிறந்திருந்தன. ஆயிரக்கணக்கில் விதைத்து, நோயில் நிறுத்தி, நல்லதைப் பொறுக்கி, மறுபடி மச்சினியோடு சேர்த்து, மறுபடி பொறுக்கி, வருஷங்கள் ஓடின. ஒரு கோடையில் அடித்த பெருங்காற்று பாதி வயலைப் பாய் மாதிரி சுருட்டிவிட்டது. "நல்லதாப் போச்சு, சாயறது எதுன்னு நாமளே தேட வேண்டாம்" என்றார் பனிக்கரடி. நின்ற செடிகளை மட்டும் அறுத்தார்கள்.

அத்தான் அந்தக் காலமெல்லாம் பட்டாணி போட்டார், வேறு ஏதேதோ போட்டார். பக்கத்து வயல்காரர்கள் சிலர் கோதுமையையே விட்டுவிட்டார்கள். சிலர் கடையில் கிடைத்த மற்றொரு ரகத்தைப் போட்டு மருந்துக்கு அழுதார்கள். அறுவடை முடிகிற போதெல்லாம் அத்தான் போன் செய்வார்.

"என்ன, பிள்ளை பொறந்துச்சா?"

"பொறந்திருக்கு அத்தான். இன்னும் எழுந்து நிக்கல."

"சரி சரி. அவசரமில்ல. நான் எங்க போகப் போறேன்."

அவசரமில்லை என்று அவர் சொன்ன விதத்தில்தான் எத்தனை அவசரம் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தடவைகூட அவர் அவளை நெருக்கவில்லை.

கடைசியில் ஒரு வருஷம் அவளே போன் செய்தாள். "அத்தான், ஒரு ஓரமா நிலம் குடுப்பீங்களா? சோதனைக்கு."

"ஓரம் எதுக்கு? நடுவயல எடுத்துக்க" என்றார் அவர்.

*

அந்த வருஷம் பார்த்து மஞ்சள் துரு மறுபடி வந்தது. சொல்லிவைத்த மாதிரி வந்தது. அக்கம்பக்கத்து வயல்களில் கோடு விழுந்தது, பிறகு தூள் பறந்தது. சின்னவள் தினமும் போன் செய்து கேட்டாள். "வந்து பாரு, போன்ல என்னத்த சொல்றது" என்பதைத் தவிர அக்கா வேறு பதில் சொல்லவில்லை. அந்தக் குரலை வைத்து நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. காரை எடுத்தாள்.

நடுவயல் பச்சையாக நின்றது. இருபக்கமும் மஞ்சள், நடுவில் சதுரமாகப் பச்சைக் கம்பளம். இலையைத் திருப்பினாள். இங்கொன்று அங்கொன்றாகக் கீற்று, அவ்வளவுதான். வயலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாள். கால்சட்டையைக் குனிந்து பார்த்தாள். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. வரப்பில் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அக்கா பின்னாலேயே வந்து நின்றாள்.

"போதும்டி, எழுந்திரு. கோதுமைக்கு உப்புத் தண்ணி ஆகாது."

சின்னவள் அழுகைக்கு நடுவே சிரித்தாள். அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

விதை பெருகி ஊருக்குள் வந்தபோது அத்தானின் நாக்கு பழைய தெம்புக்குத் திரும்பியிருந்தது. யாரோ பெயர் கேட்டார்கள். "காத்துக்கு அசைய மாட்டா, நோய் கிட்ட வரவே பயப்படுது. மச்சினிக்கு மேல யாரு? மாமியார்தான்" என்றார்.

"எங்கம்மாவயா சொல்றீங்க?" என்று உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது.

"சேச்சே. பொதுவாச் சொன்னேன்."

ஒரு விஷயத்தில் மட்டும் சின்னவள் இந்த முறை பிடிவாதமாக இருந்தாள். எல்லோரும் ஒரே ரகத்தைப் போடக் கூடாது. நெட்டையின் வழி வந்த பிள்ளைகளில் சிலவற்றையும், பனிக்கரடியின் அறையிலிருந்த வேறு பழங்கோதுமைகளின் வழி வந்தவற்றையும் கலந்து கலந்து ஊருக்குள் கொடுத்தாள். விதைக் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஒரு வீட்டுல நாலு மாமியாரா?" என்று கேட்டார். ஆனாலும் வாங்கி வைத்தார்.

புது மாவை முதலில் சமையல் மாஸ்டருக்குக் கொடுத்தாள். அவர் அன்றே ரொட்டி சுட்டு, நிலையத்தில் எல்லோருக்கும் போட்டார். பிறகு பனிக்கரடியின் வீட்டுக்குப் போய் அவர் மனைவி கையில் ஒரு பையைக் கொடுத்தாள். அந்தம்மா பையைத் திறந்து பார்த்தார். "மாடியில தொட்டியில வளத்தாரே, அதோட மாவா?" என்றார். பனிக்கரடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்போ நான் துணியெல்லாம் உள்ளேயே காயப்போட்டது வீண் போகல" என்று சொல்லி அந்தம்மா சிரித்தார்.

எல்லோருக்கும் நன்றி சொல்லியாயிற்று. ஒருவரைத் தவிர. அது சின்னவளுக்கு முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

"அண்ணே, அந்த மலை ஊருக்கு வழி தெரியுமா?"

"பாதி தெரியும். மீதியைக் கேட்டுக்கிட்டுப் போலாம்."

*

இலையுதிர்காலத் தொடக்கத்தில் போனார்கள். காரின் பின்சீட்டில் ஒரு மூட்டை நெட்டை, ஒரு மூட்டை மாமியார். பாதை மேலே போகப் போகக் குறுகியது. கடைசியில் கல் பரப்பிய தெரு, சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த சில வீடுகள். பனிக்கரடி ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு மாட்டுக்கொட்டகை முன்னால் நின்றார். கூரைக்குத் தகரம் போட்டிருந்தார்கள்.

"இதுதான். அப்போ கூரை வைக்கோல்ல இருந்துச்சு."

வெளியே வந்தவர் அறுபது வயதுக்கார அம்மா. கையில் பால் வாளி. விதை கொடுத்த பெண்மணியைப் பற்றிக் கேட்டார்கள். "என் மாமியார். போய்ச் சேந்து ரொம்ப வருஷமாச்சு" என்றார். வந்த காரியத்தைச் சின்னவள் சொன்னாள். வயல்கள் மஞ்சளானது, ஒரு வரிசை மட்டும் தாங்கியது, அது இந்த வாசலில் இருந்து போனது, இப்போது எத்தனையோ குடும்பங்கள் அதன் பிள்ளைகளை விதைத்து உண்கின்றன, எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்தம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அந்த உசரக் கோதுமையா? அதுல ரொட்டி சுட்டா கல்லு மாதிரி இருக்குமே."

"அப்போ எதுக்கு வெச்சிருந்தீங்க?"

"வைக்கோலுக்கு. நீள வைக்கோல் கூரை போட நல்லா இருக்கும், மாட்டுக்குக் கீழ விரிக்கவும் ஆகும். நாங்க சாப்பிட வேற கோதுமை போடுவோம். தகரம் வந்ததும் இதை விட்டுட்டோம். இப்போ இந்தப் பக்கமே யார்கிட்டயும் கிடையாது."

சின்னவளும் பனிக்கரடியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனையோ பெருமையான காரணங்களை அவள் மனத்துக்குள் கட்டி வைத்திருந்தாள். நோயை அறிந்து காத்தார்களோ, சாமிக்குப் படைத்தார்களோ என்றெல்லாம். கூரைக்கும் மாட்டுக்கும் வளர்த்திருக்கிறார்கள். அது தெரிந்ததும் அவளுடைய நன்றி குறையவில்லை, அதிகமாகத்தான் ஆனது. தன்னை அறியாதவர்கள், தனக்காக என்று நினைக்காதவர்கள், தங்கள் வீட்டுக் கூரைக்காக வருஷா வருஷம் விதைத்துக் கொண்டுவந்து சேர்த்ததைத்தான் அவள் கையேந்தி வாங்கியிருக்கிறாள்.

"உங்க குடும்பத்துக்கு நன்றி சொல்லத்தான் வந்தோம்" என்றாள்.

"நாங்க என்ன பண்ணினோம்?"

"தூக்கிப் போடாம இருந்தீங்களே. கேட்டவருக்கு அள்ளிக் குடுத்தீங்களே."

அந்தம்மா யோசித்தார். "எங்க வீட்டதுன்னும் சொல்ல முடியாது. மாமியார் கல்யாணமாகி வரும்போது பிறந்த வீட்டுலேர்ந்து கொண்டு வந்த விதை. அவங்க ஊர் அந்தக் கணவாய்க்கு அப்பால. அவங்க அம்மாவுக்கு யார் குடுத்தாங்களோ" என்று மேற்கே கை காட்டினார். அங்கே முகடுகளுக்குப் பின்னால் முகடுகளாக இருந்தது. சின்னவள் அந்தத் திசையைப் பார்த்துக் கை குவித்தாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பனிக்கரடி காரிலிருந்து மூட்டைகளை இறக்கினார். நெட்டை மூட்டையைப் பிரித்ததும் அந்தம்மா ஒரு பிடி அள்ளினார், ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். "அதேதான்" என்றார். அந்தப் பிடியைத் திரும்பப் போடாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே பார்த்துக் கணவரைக் கூப்பிட்டார்.

"கொட்டகைக்குப் பின்னாடி அந்தப் பாத்தியக் கொத்திக் குடுங்க. அத்தையோட கோதுமை வந்திருக்கு."

சாயங்காலத்துக்குள் விதைத்து முடித்தார்கள். ஒருபக்கம் நெட்டை, மறுபக்கம் மாமியார். பனிக்கரடி கை தாராளமாக வீச, "பெரியவரே, கோழிக்கா போடறீங்க? இடம் விட்டு வீசுங்க" என்று அந்தம்மா அதட்டினார். போகும்போது வெண்ணெயும் ஒரு புட்டி தேனும் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல விடவில்லை.

பனிக்காலம் வந்து போனது. வயல்கள் மறுபடி பச்சை பிடித்த நாட்களில், அலுவலக மேசையில் சின்னவளின் போன் ஒலித்தது. மலையிலிருந்து அந்தம்மா.

"பனி உருகிடுச்சு. ரெண்டும் எழும்பிடுச்சு. உங்களோடது குட்டையா, ஒழுங்கா நிக்குது. எங்களோடது இப்பவே கன்னாபின்னான்னு வளருது. நிச்சயம் சாயும்."

"சாயட்டும்மா. பரவாயில்லையா உங்களுக்கு?"

"எனக்கென்ன. தகரத்துல சத்தம் தாங்கல, கொட்டகைக்கு மறுபடி வைக்கோலே போடலாம்னு இவர் சொல்றார். பக்கத்து வீட்டுலயும் ஒரு பிடி விதை கேட்டிருக்காங்க. குடுக்கலாம் இல்ல?"

"என்கிட்ட கேக்கணுமா? தாராளமாக் குடுங்க" என்றாள் சின்னவள். போனை வைத்துவிட்டு, சேதியைச் சொல்ல விதை வங்கியை நோக்கி நடந்தாள்.